அணையா அடுப்பு

இறைவனைக் காணும் வேட்கையால் காடும் மலையும் நாடிச் சென்றோர் பலர். திருத்தலந்தோறும் சென்று தொழுதோரும் பலர். நாள்தோறும் சோறு பொங்கும் அடுப்பங்கரையிலேயே இறைவழிபாட்டைக் கண்டவர் இராமலிங்க அடிகளார் ஆவார். அவரை வள்ளலார் எனத் தமிழுலகம் போற்றுகின்றது.

அடிகளார் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை, அன்னையார் சின்னம்மையார். பிறந்த சில திங்களிலேயே அவர் தந்தையை இழந்தார். பின்னர்க் குடும்பம் சென்னையிற் குடியேறியது. தமையனார் சபாபதியின் ஆதரவில் வளர்ந்த அச்சிறுவர், பள்ளிப்பாடத்தில் மனம் செலுத்தாது கந்தகோட்டத்து முருகனைப் பாடித் திளைத்தார். வீட்டு மாடியறையில் கண்ணாடி ஒன்றை வைத்து, அதன்முன் விளக்கேற்றித் தியானம் புரிந்தார் என்பர். இவ்வாறு இளமையிலேயே, வீட்டிலுள்ள எளிய பொருள்களும் அவருக்கு வழிபாட்டுப் பொருள்களாயின.

1858ஆம் ஆண்டில் அடிகளார் சென்னையை விட்டு நீங்கினார். தில்லைக் கூத்தனை வணங்கியபின், வடலூருக்கு அணித்தாகிய கருங்குழி என்னும் சிற்றூரில் பல ஆண்டுகள் தங்கினார். வெண்ணிற ஆடையே உடுத்து, எளியவருள் எளியவராய் வாழ்ந்தார். அக்காலத்தில், 1866ஆம் ஆண்டளவில், சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியது. பசித்தோர் படும் துயரம் அடிகளாரின் உள்ளத்தை உருக்கியது. பசி மிகுந்தால் கண் ஒளி குன்றும், அறிவு மயங்கும், இறைவனை நினைக்கும் ஆற்றலும் ஒழியும். ஆதலின், பசித்தவனுக்கு உணவளிப்பதே வழிபாட்டிற் சிறந்தது என அவர் தெளிந்தார். அத்தெளிவை 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலில் விரித்துரைத்தார்.

தெளிந்ததைச் செயலாக்கவும் அவர் தயங்கவில்லை. பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து வழங்கினர். அந்நிலத்தில், 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். 21 அடி நீளமுள்ள பெரிய அடுப்பில் தாமே தீ மூட்டினார். அன்றுமுதல் அரிசி களைதலும், விறகிடுதலும், இலையிட்டுப் பரிமாறுதலும் அங்குத் திருத்தொண்டுகளாயின. சாதியும் சமயமும் அங்கே வினவப்படவில்லை. பசி ஒன்றே பந்தியில் அமர்வதற்குரிய தகுதியாயிற்று.

இதன்பின் ஐந்தாண்டுகள் கழித்து, 1872ஆம் ஆண்டிலேதான், ஒளி வழிபாட்டிற்குரிய சத்திய ஞானசபையை அவர் நிறுவினார். சோதி வழிபாட்டிற்கு முன்னரே சோற்றடுப்பு எரிந்தது என்பது கருதத்தக்கது. மேலும், சபையினுள் புகுவோர் கொலையும் புலாலுண்ணலும் நீத்தவராக இருத்தல் வேண்டும் என விதித்த அடிகளார், சாலையில் உண்ண வருவோர்க்கு அத்தகைய நிபந்தனை எதனையும் விதிக்கவில்லை. புலாலுண்ணாமையை உயிரினும் மேலாகப் போற்றியவர் அவர். ஆயினும், பசித்து வந்தவர் எவராயினும் அவர்தம் பசியை முதலில் நீக்குதலே கடமை எனக் கொண்டார். தம் கொள்கையினும் பிறர் பசியைப் பெரிதாக எண்ணிய அருளுள்ளம் அது.

1873ஆம் ஆண்டில், மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில், தம் அறையினுள் எரிந்த விளக்கை வெளியே வைத்து, அதனை இடைவிடாது வழிபட்டு வருமாறு அன்பர்களைப் பணித்தார். 1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அவ்வறையினுள் புகுந்து திருக்காப்பிட்டுக் கொண்டார். அதன்பின் அவரை எவரும் கண்டிலர்.

அடிகளார் மறைந்தும் அவர் மூட்டிய அடுப்பு அணையவில்லை. இன்றும் வடலூரில் பசித்து வருவோர்க்கு அன்னம் வழங்கப்படுகின்றது. பசித்தவர்க்கு அன்போடு ஒரு பிடி சோறு அளிக்கும் இல்லம் எதுவாயினும், அதன் அடுப்பங்கரையும் கோயிலே என்பதை வள்ளலாரின் வாழ்க்கை உணர்த்துகின்றது.