விரல்களை விலையாகக் கொடுத்தவர்

அண்மையில் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. 'ரூட் கெனால்' என்று சொன்னால்தான் நம்மில் பலருக்கு விளங்கும். மருத்துவர் சிறியதோர் உணர்கருவியை என் வாய்க்குள் பொருத்திவிட்டு, அறைக்கு வெளியே சென்று பொத்தானை அழுத்தினார். மறுகணமே பல்லின் வேர்கள் கணினித் திரையில் தெரிந்தன. அந்த ஒரு கணத்துக்காக அவர் ஏன் வெளியே செல்ல வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தபோது, ஒரு மனிதரின் வாழ்க்கையே விடையாகக் கிடைத்தது.

அவர் பெயர் சார்லஸ் எட்மண்ட் கெல்ஸ். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1856-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையும் பல் மருத்துவர். நியூயார்க்கில் பயின்று ஊர் திரும்பிய கெல்ஸ், மின்சாரத்திலும் கருவிகளிலும் தீராத ஆர்வம் கொண்டிருந்தார். அவர் பெற்ற காப்புரிமைகள் சுமார் 30. சிகிச்சையின்போது வாயிலிருந்து நீரை உறிஞ்சி அகற்றும் கருவியை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1885-ஆம் ஆண்டிலேயே தம் சிகிச்சைக்கூடத்தில் ஒரு பெண்ணை உதவியாளராக நியமித்தார். ஆண் துணையின்றிப் பெண்கள் பல் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய காலம் அது.

ஊடுகதிரைத் தாம் கண்டறிந்த செய்தியை ராண்ட்ஜன் வெளியிட்டது 1895 டிசம்பர் இறுதியில். அடுத்த சில வாரங்களில் ஜெர்மனியின் ஓட்டோ வால்காஃப் தம் பற்களையே படமெடுத்தார். அதற்காக 25 நிமிடங்கள் அவர் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அதே 1896-ஆம் ஆண்டு கோடையில், தென்மாநிலப் பல் மருத்துவர்களின் மாநாட்டில் கெல்ஸ் இந்தக் கதிரின் பயனைச் செய்து காட்டினார்.

வேர்ச் சிகிச்சை அதுவரை இருட்டில் செய்யும் வேலையாகவே இருந்தது. பல்லின் உள்ளே ஓடும் நுண்ணிய கால்வாயைச் சுத்தம் செய்து, மலாய்க் காடுகளின் மரப்பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சாவை நிரப்பும் முறை 1860-களிலேயே வந்துவிட்டது. ஆனால், நிரப்பிய பொருள் வேரின் நுனி வரை சென்றதா, பாதியிலேயே நின்றதா என்பதை அறிய வழியில்லை. 1899-இல் கெல்ஸ் வேர்க்கால்வாயினுள் மெல்லிய ஈயக் கம்பியைச் செலுத்திப் படமெடுத்தார். கம்பி எதுவரை சென்றது என்பது படத்தில் தெரிந்தது. ஊகம் அன்று அளவீடாக மாறியது. இன்று உலகெங்கும் வேர்ச் சிகிச்சையின்போது எடுக்கப்படும் ஒவ்வொரு படமும் அந்த ஈயக் கம்பியின் வாரிசுதான்.

இதற்கு அவர் கொடுத்த விலை கொடியது. அக்காலக் குழாய்களின் வீச்சு நாளுக்கு நாள் மாறுபடும். ஆகவே, படமெடுக்கும் முன் கதிரின் பாதையில் தம் கையையே நீட்டி, எலும்புகள் தெளிவாகத் தெரியும் வரை குழாயைச் சரிசெய்வது அவர் வழக்கம். அன்று பலரும் அப்படித்தான் செய்தார்கள். கதிரின் ஆபத்தைப் பாஸ்டன் பல் மருத்துவர் வில்லியம் ரோலின்ஸ் 1901-லேயே விலங்குகளிடம் சோதித்து எச்சரித்தார். செவிசாய்த்தவர் மிகச் சிலரே. ஆண்டுகள் பல கழித்து, கெல்ஸின் இடது கையில் புற்றுநோய் தோன்றியது. அறுவை சிகிச்சைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. முதலில் விரல்கள், பிறகு கை, இறுதியில் புயம் வரை இழந்தார்.

அத்தனை வேதனையிலும் அவர் மனம் தொழிலின் நேர்மையை விட்டு அகலவில்லை. உடலின் பல நோய்களுக்குப் பற்களின் சீழே காரணம் என்ற கருத்து அப்போது பரவியிருந்தது. ஊடுகதிர்ப் படத்தில் ஒரு சிறு நிழல் தெரிந்தாலும் பற்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கினார்கள். தாம் வளர்த்த கருவியே தவறான தீர்ப்புக்குச் சாட்சியாக்கப்படுவதைக் கண்டு, 1920-இல் கெல்ஸ் கடுமையாகக் கண்டித்து எழுதினார். காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்குவதை அவர் குற்றமாகவே கருதினார்.

1926-இல் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். 1928 மே மாதம், வலி தாளாமல், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

நான் பொருளியல் கற்பித்தவன். ஒருவர் செலவு செய்ய, வேறொருவர் பயனடைவதைப் 'புறவிளைவு' என்று வகுப்பறையில் பல ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு மனிதரின் விரல்களும் அடங்கும் என்று அப்போது தோன்றவில்லை. மருத்துவர் அறைக்கு வெளியே சென்று நிற்பதும், நம் நாட்டில் பல் ஊடுகதிர்க் கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பில் இருப்பதும், கெல்ஸைப் போன்றவர்கள் பட்ட துயரத்திலிருந்து உலகம் கற்ற பாடங்கள்.

இன்று கூம்புக்கற்றை சிடி ஸ்கேன், தாடையை முப்பரிமாணத்தில் காட்டுகிறது. கீழ்த்தாடை நரம்பு ஓடும் பாதையையும், சாதாரணப் படத்தில் மறைந்துகொள்ளும் கூடுதல் கால்வாய்களையும் அதில் காணலாம். ஆனால், சிறு பற்படத்தைவிட அதில் கதிரின் அளவு அதிகம். தேவைக்கு எடுப்பது மருத்துவம். கருவி இருக்கிறது என்பதற்காக எடுப்பது வணிகம். படம் எதற்காக என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. தயங்காமல் அதைக் கேட்பதே, ஒரு கையை இழந்து நமக்கு ஒளி தந்த அந்த மனிதருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை.