39 நாட்கள் உயிருக்குப் போராடிய கார்ப் பந்தய வீரர்

கார்ப் பந்தயத்தில் பல வகை உண்டு. பந்தயத்துக்கென்றே செய்த, சக்கரங்கள் வெளியே தெரியும் ஒல்லியான கார்கள் ஓடுவது ஒரு வகை. பணம் கட்டினால் யாரும் வாங்கக்கூடிய குடும்பக் காரை எடுத்து, எஞ்சினை முடுக்கி, உள்ளே இரும்புக் குழாய்களால் கூண்டு அமைத்து ஓட்டுவது இன்னொரு வகை. இதற்கு ஸ்டாக் கார் பந்தயம் என்று பெயர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது தேர்த் திருவிழா மாதிரி. கூட்டம் அலை மோதும்.

1950களின் பிற்பகுதியிலும் 60களின் தொடக்கத்திலும் அந்தக் கூட்டத்தை இழுத்த பெயர்களில் முதன்மையானது பயர்பால் ராபர்ட்ஸ். பயர்பால் என்றால் நெருப்புப் பந்து. அவருக்கு நேர்ந்த முடிவை அறிந்தவர்கள், அந்த விபத்தினால்தான் இப்படி ஒரு பெயர் வந்தது என்று நினைக்கக்கூடும். உண்மை அது அல்ல.

பெயர் வந்த கதை

இயற்பெயர் எட்வர்ட் கிளென் ராபர்ட்ஸ். 1929 ஜனவரி 20 அன்று புளோரிடா மாநிலத்தில் டவாரிஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பையனாக இருந்தபோது பேஸ்பால் ஆடினார். பந்து வீசுவது அவர் வேலை. எதிரே நிற்பவர் மட்டையைச் சுழற்றுவதற்குள் பந்து போய்விடும். அந்த வேகத்தைப் பார்த்து வைத்த பெயர்தான் பயர்பால். ஊரெல்லாம் அப்படிக் கூப்பிட்டாலும், நெருங்கிய நண்பர்கள் அவரைக் கிளென் என்றே அழைத்தார்கள்.

வேகம் ஒரு பக்கம் இருக்க, அவருக்கு ஆஸ்துமா இருந்தது. 1945ல் விமானப் படையில் சேர்ந்தார். ஆரம்பப் பயிற்சியோடு, ஆஸ்துமா காரணமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி வரை அவரை விடாமல் துரத்திய நோய் அது.

பிறகு புளோரிடா பல்கலைக் கழகத்தில் எஞ்சினியரிங் படிக்கச் சேர்ந்தார். வாரக் கடைசியில் மண் பாதைப் பந்தயம். 1947ல், 18 வயதில், டேடோனா பீச் பந்தயத்தில் ஓட்டினார். அந்தப் பந்தயப் பாதையே வேடிக்கையானது. பாதித் தூரம் கடற்கரை மணல், பாதித் தூரம் தார் ரோடு. அலை ஏறும் நேரம் பார்த்துத்தான் பந்தயத்தைத் தொடங்கவே முடியும். படிப்பு நின்றது. பந்தயம் நிற்கவில்லை.

கூரைச் சரிவில் கார்

1948ல் பில் பிரான்ஸ் என்பவர் தலைமையில் நாஸ்கார் என்ற பந்தய அமைப்பு உருவானது. 1950ல் அதன் பெரிய பந்தயம் ஒன்றில் ராபர்ட்ஸ் வென்றபோது அவருக்கு வயது 21. அந்த ஆண்டுப் புள்ளிக் கணக்கில் இரண்டாவதாக வந்தார். வருட சாம்பியன் பட்டம் மட்டும் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. எல்லா ஊர்ப் பந்தயங்களுக்கும் அலைந்து ஓடினால்தான் புள்ளி சேரும். அவரோ பெரிய பந்தயங்களாகப் பார்த்து ஓடினார். 1958ல் 10 பந்தயங்களில் மட்டும் கலந்துகொண்டு 6ல் வென்றார். மொத்தக் கணக்கு 206 பந்தயங்கள், 33 வெற்றிகள்.

1959ல் டேடோனாவில் புதிய பந்தய மைதானம் திறக்கப்பட்டது. சுற்றளவு இரண்டரை மைல். வளைவுகளில் பாதை 31 டிகிரி சாய்ந்திருக்கும். நம் ஓட்டு வீட்டுக் கூரைச் சரிவை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அதன் மேல் மணிக்கு 150 மைலில் போவதென்றால், எஞ்சினுக்கும் டயருக்கும் எவ்வளவு தாங்கும் சக்தி என்பது ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும். ராபர்ட்சுக்கு அது கைவந்த கலை. ஸ்மோக்கி யூனிக் என்ற கைதேர்ந்த மெக்கானிக் தயார் செய்த, கறுப்பும் பொன்னிறமுமான 22ஆம் எண் பான்டியாக் காரில் அவர் வருகிறார் என்றால் மற்றவர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

ஆனால் அந்த மைதானத்தின் 500 மைல் பந்தயம் அவருக்கு எளிதில் வசப்படவில்லை. 1961ல் 200 சுற்றுகளில் 187 சுற்று வரை வந்துவிட்டார். முதலிடத்தில் இருந்தார். எஞ்சின் கைவிட்டது. யூனிக் தயார் செய்த இன்னொரு கார், அதுவும் முந்தைய வருட மாடல், ஜெயித்துவிட்டது! மறு வருடம், 1962ல், அதே பந்தயத்தில் யாரையும் அருகில் வரவிடாமல் வென்றார்.

சங்கம் சேர்ந்த கதை

என்னைப் போன்ற ரயில்வே குமாஸ்தாவுக்கு அவர் வாழ்க்கையில் வெற்றிகளை விட முக்கியமாகப்படுவது இந்தப் பகுதிதான். 1961ல் பந்தய வீரர்களைத் தொழிற்சங்கமாகச் சேர்க்க ஒரு முயற்சி நடந்தது. கர்டிஸ் டர்னர் என்ற வீரர் இதில் முன்னின்றார். இவர் வட கரோலினா மாநிலத்தின் சார்லட் பந்தய மைதானத்தைக் கட்டியவர்களில் ஒருவர். அதனால் ஏற்பட்ட கடன் கழுத்தை நெரிக்க, லாரி டிரைவர்களின் டீம்ஸ்டர்ஸ் யூனியனிடம் கடன் கேட்டார். பந்தய வீரர்களைச் சங்கத்தில் சேர்த்துத் தர வேண்டும் என்பது பேச்சு.

அவர் நோக்கம் எப்படியோ இருக்கட்டும். சங்கம் கேட்டவை நியாயமானவை. பரிசுப் பணத்தில் கூடுதல் பங்கு, ஓய்வூதியம், இறந்தால் குடும்பத்துக்குப் பணம், பாதுகாப்பு ஏற்பாடுகள். ராபர்ட்சும் சேர்ந்தார். சங்கத்தின் தலைவராகவே ஆனார். பில் பிரான்ஸ் கடுமையாக எதிர்த்தார். சில நாட்களிலேயே ராபர்ட்ஸ் விலகிவிட்டார். சங்கம் முளையிலேயே கருகியது. டர்னரும் டிம் பிளாக் என்ற வீரரும் ஆயுள் முழுதும் ஓடத் தடை விதிக்கப்பட்டார்கள். அந்தத் தடை நீங்கியது 1965ல்தான்.

ராபர்ட்ஸ் விலகியதை நான் குறை சொல்ல மாட்டேன். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது. நம் ஊர் வேலை நிறுத்தங்களில் நாம் பார்க்காததா? ஆனாலும், மூன்று வருடம் கழித்து நடந்ததைப் படிக்கும்போது, அந்தக் கோரிக்கைப் பட்டியல் மறுபடி கண் முன் வந்து நிற்கத்தான் செய்கிறது.

1964 மே 24

1963ல் ராபர்ட்ஸ் போர்டு காருக்கு மாறினார். அந்த ஆண்டு டார்லிங்டன் நகரின் 500 மைல் பந்தயத்தில், நடுவில் ஒருமுறை கூட எச்சரிக்கைக் கொடி காட்டப்படாமல், சாதனை வேகத்தில் வென்றார். 1964 பிறந்ததும் முதல் இடி. அவருடைய நெருங்கிய தோழரும் இருமுறை சாம்பியனுமான ஜோ வெதர்லி ஜனவரி 19 அன்று கலிபோர்னியாவில் பந்தயத்தின்போது மடிந்தார். ராபர்ட்ஸ் பந்தயத்திலிருந்து ஓய்வு பெறும் முடிவுக்கு வந்திருந்தார். பீர் கம்பெனி ஒன்றில் மக்கள் தொடர்பு வேலை காத்திருந்தது.

மே 24, ஞாயிற்றுக்கிழமை. சார்லட்டில் 600 மைல் பந்தயம். மொத்தம் 400 சுற்று. 7ஆவது சுற்றிலேயே நெட் ஜாரெட், ஜூனியர் ஜான்சன் ஆகிய இருவரின் கார்களும் உரசிச் சுழன்றன. பின்னால் வந்த ராபர்ட்ஸ் அவர்கள் மேல் மோதாமல் இருக்கக் காரைத் திருப்பினார். ஊதா நிற போர்டு பின்புறமாக வழுக்கிச் சென்று கான்கிரீட் சுவரின் திறப்பு விளிம்பில் மோதியது. தலைகீழாகக் கவிழ்ந்தது. பெட்ரோல் டாங்க் கிழிந்து தீ பிடித்தது.

கூட்ஸ் யார்டில் பெட்ரோல் வேகன்களுக்குப் பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூட விடமாட்டோம். அப்படியிருக்க, வழியும் பெட்ரோல் நடுவே கவிழ்ந்த காருக்குள் ஒரு மனிதர்! ஜாரெட்டின் காரும் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதிலிருந்து குதித்து, ஓடிப் போய், ராபர்ட்சை வெளியே இழுத்தார். அவர் கைகளிலும் தீக்காயம்.

அந்தக் காலத்தில் வீரர்கள் சாதாரணப் பருத்தி உடையைத் தீத்தடுப்பு ரசாயனக் கரைசலில் முக்கிக் காயவைத்து அணிவார்கள். ராபர்ட்ஸ் அணிவதில்லை. அலட்சியம் அல்ல. அந்த ரசாயனம் அவருடைய ஆஸ்துமாவுக்கு ஆகாது. உடலில் பெரும் பகுதி வெந்துபோயிற்று.

சார்லட் ஆஸ்பத்திரியில் 39 நாட்கள் கிடந்தார். நிமோனியா வந்தது. ரத்தத்தில் விஷம் ஏறியது. ஜூலை 1ல் நினைவு இழந்து, 2ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 35.

பிறகு வந்த மாற்றம்

அவர் படுக்கையில் கிடந்தபோதே, மே 30 அன்று, இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் எட்டி சாக்ஸ், டேவ் மெக்டொனால்டு இருவரும் தீயில் மாண்டார்கள். ஒரே வாரத்தில் இரண்டு தீ. இனியும் சும்மா இருக்க முடியாது என்ற நிலை. பயர்ஸ்டோன் கம்பெனி, தகர டாங்குக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர்ப் பை தயாரித்தது. இரும்புப் பெட்டி நசுங்கினாலும் உள்ளே இருக்கும் பை கிழியாது. பைக்குள் பஞ்சு போன்ற பொருளை நிரப்பியதால் பெட்ரோல் வெளியே பீறிடாது. நோமெக்ஸ் என்ற டூபாண்ட் கம்பெனியின் இழையில் உடைகள் வந்தன. இந்த இழை இயல்பாகவே தீயைப் பரவவிடாது. ரசாயனத்தில் முக்க வேண்டியதில்லை. ஆஸ்துமாக்காரரும் அணியலாம்.

ராபர்ட்சின் உடல் டேடோனா பீச்சில் அடக்கம் செய்யப்பட்டது. முந்தின வருடம் அவர் வென்ற ஜூலை 4 பந்தயம், அவர் இறந்த இரண்டாம் நாள் அதே ஊரில் வழக்கம்போல் நடந்தது. அவரை நெருப்பிலிருந்து இழுத்த ஜாரெட் 1965ல் சாம்பியன் ஆனார். அடுத்த வருடமே, 34 வயதிலேயே, பந்தயத்தை விட்டுவிட்டார்.