300 தேர்தல்களில் தோற்ற "தர்த்தி பகட்'

புது தில்லி: உத்தரப் பிரதேச மாநிலம் பரேலியில் ஜவுளித் தொழில் நடத்திய காகா ஜோகிந்தர் சிங், 300-க்கும் மேற்பட்ட தேர்தல்களுக்கு மனு தாக்கல் செய்தவர். ஒன்றில்கூட வென்றதில்லை. பெரும்பாலான மனுக்கள் தள்ளுபடியாயின. எஞ்சியவற்றில் டெபாசிட் பறிபோனது. அத்தொகையை அரசுக் கருவூலத்துக்குத் தமது எளிய பங்களிப்பாகவே அவர் கருதினார். மண்ணைப் பற்றிக்கொண்டு விடாதவர் என்ற பொருளில் "தர்த்தி பகட்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. பிரசாரம் செய்ததில்லை. பண்டமாற்று முறையை மீண்டும் கொண்டுவருவது அவரது வாக்குறுதிகளில் ஒன்று.

வேடிக்கை மனிதர் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால், 1992 குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் 20 பேர் முன்மொழிந்தும் வழிமொழிந்தும் கையெழுத்திட வேண்டும். அதையும் பெற்றுக் களத்தில் நின்றார். சங்கர் தயாள் சர்மா வென்ற அத்தேர்தலில் ஜி.ஜி. ஸ்வெல், ராம் ஜேத்மலானி ஆகியோருக்கு அடுத்து நான்காவதாக வந்தார். கிடைத்த வாக்குகளின் மதிப்பு 1,135. ஓர் எம்.பி.யின் வாக்கு மதிப்பே அப்போது 702. ரகசிய வாக்கெடுப்பு என்பதால் ஆதரித்தவர்கள் பிழைத்தனர்!

1996 பேரவைத் தேர்தலில் தமிழகத்தின் மொடக்குறிச்சியில் மட்டும் 1,033 பேர் போட்டியிட்டனர். அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டு, மக்களவைத் தேர்தல் டெபாசிட் ரூ. 500-லிருந்து ரூ. 10,000 ஆனது. இரண்டு தொகுதிகளுக்கு மேல் போட்டியிடத் தடை வந்தது. 1997-இல் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான கையெழுத்துகள் 100 ஆக உயர்த்தப்பட்டன. கட்டுப்பாடு தேவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், விளையாட்டு வேட்பாளர்களுக்கு அடைத்த கதவு, கட்சியும் பணமும் இல்லாத சாமானியருக்கும் அடைபட்டது.

ஜோகிந்தர் சிங் 1998 டிசம்பர் 23-ஆம் தேதி காலமானார்.