ஜப்பானை உலகுக்கு உணர்த்திய ஹெர்ன்

பிறநாடுகளுக்குச் செல்வோர் பலர். அங்குள்ள மலைகளையும் மாளிகைகளையும் கண்டு களித்து மீள்வோரே அவருள் பெரும்பாலோர். அந்நாட்டு மக்கள் எதனை வணங்குகின்றனர், எதற்காக நாணுகின்றனர், துன்பத்தை எவ்வாறு தாங்குகின்றனர் என்று உசாவி, அவர்தம் உள்ளத்தையும் உணர்ந்து மீள்வோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் லாப்காடியோ ஹெர்ன். ஒரு கண் ஒளியிழந்து, மறு கண்ணும் மங்கியிருந்த இவர், இரு கண்ணும் உடையார் பலர் காணாததைக் கண்டார்.

இளமையும் இன்னலும்

ஹெர்ன் 1850ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள், கிரேக்க நாட்டை அடுத்த லெப்காடா என்னும் தீவில் பிறந்தார். அத்தீவின் பெயரே இவருக்கும் பெயராயிற்று. தந்தையார் அயர்லாந்து நாட்டினர். ஆங்கிலேயப் படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். அன்னையார் கிரேக்க மாது. இரண்டு வயதில் ஹெர்ன் டப்ளின் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். அந்நகர வாழ்வு அன்னையாருக்கு ஒத்துவரவில்லை. மைந்தனை விட்டுத் தாய்நாடு திரும்பினார். பெற்றோரின் மணவுறவும் முறிந்தது. பாட்டி முறையினராகிய செல்வ மூதாட்டி ஒருவர் இவரை வளர்த்தார்.

பதினாறாம் வயதில், பள்ளியில் விளையாடும்பொழுது நேர்ந்த விபத்தினால் இடக்கண் பார்வை போயிற்று. மூதாட்டியின் செல்வமும் அழிந்தது. 19 வயது இளைஞராகிய ஹெர்ன், அமெரிக்காவிலுள்ள சின்சினாட்டி நகரில் தனியராய் வறுமையில் உழன்றார். அச்சுத் தொழிலாளர் ஒருவர் இரங்கி இடமளித்தார். பின்னர்ச் செய்தித்தாள் எழுத்தாளராகி, நியூ ஆர்லியன்சு நகரிலும் மார்த்தினிக்குத் தீவிலும் பல்லாண்டு வாழ்ந்தார். சென்ற இடமெல்லாம் எளிய மக்களின் பாடல்களையும் உணவு வகைகளையும் நம்பிக்கைகளையும் விருப்புடன் ஆராய்ந்தார். தமக்கென ஒரு நாடும் வீடும் இல்லாத ஏக்கம் மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை.

மாத்சுயே நகரில்

இதழ் ஒன்றிற்குக் கட்டுரை எழுதும் பொருட்டு 1890 ஏப்ரல் திங்களில் ஹெர்ன் ஜப்பானை அடைந்தார். விரைவில் அவ்விதழோடு கொண்ட தொடர்பை முறித்துக்கொண்டு, இசுமோப் பகுதியிலுள்ள மாத்சுயே என்னும் ஏரிக்கரை நகரில் ஆங்கில ஆசிரியரானார். பெருநகரங்கள் மேனாட்டு நடையுடைகளை விரைந்து மேற்கொண்டிருந்த காலம் அது. மாத்சுயேயிலோ பழைய வாழ்வு பெரிதும் எஞ்சியிருந்தது.

விடியற்காலையில் நெற்குத்தும் ஒலி கேட்கும். புத்தர் கோயில் மணி முழங்கும். மக்கள் ஆற்றோரம் வந்து முகங்கழுவி, எழும் ஞாயிற்றை நோக்கிக் கைதட்டி வணங்குவர். இவற்றையெல்லாம் ஹெர்ன் நாள்தோறும் உற்றுக் கேட்டார், உற்று நோக்கினார். வாயிலிலே காலணியை நீக்கிவிட்டு உள்ளே புகுந்தார்; வைக்கோலை உள்ளிட்டுக் கோரை வேய்ந்த தத்தமிப் பாயில் அமர்ந்தார்; வீட்டில் ஜப்பானிய உடையே உடுத்தார். இசுமோப் பெருங்கோயிலின் உட்பகுதிக்குச் செல்லும் பேற்றையும் பெற்றார்.

ஜப்பானியரின் புன்னகை அயல்நாட்டார் பலருக்குப் புரியாத புதிராக இருந்தது. பணிப்பெண் ஒருத்தி தன் கணவன் இறந்த செய்தியைப் புன்னகையுடன் கூறியதைக் கேட்டு, யொக்கோகாமாவில் வாழ்ந்த அயல்நாட்டு மாது ஒருவர் அவளை நெஞ்சில் ஈரமற்றவள் என வெறுத்தார். இந்நிகழ்ச்சியைக் கட்டுரை ஒன்றில் குறிப்பிட்ட ஹெர்ன், அதன் உட்பொருளை விளக்கினார். தன் துயரத்தால் பிறர் மனம் வருந்தலாகாது என்பதே அப்புன்னகையின் கருத்து. அது கல்நெஞ்சின் அடையாளமன்று. தன்னை அடக்கியாளும் பண்பின் அடையாளமேயாகும்.

இல்லறமும் கதைகளும்

1891ஆம் ஆண்டில், சாமுராய் என்னும் படைவீரர் குலத்தில் தோன்றிய கொய்சுமி செட்சு என்னும் நங்கை இவருக்கு வாழ்க்கைத் துணைவியானார். அரசியல் மாறுதலால் அக்குலத்தார் வருவாய் இழந்து வறியராயிருந்தனர். மனைவியின் உறவினரையும் ஹெர்ன் தம் உழைப்பால் தாங்கினார்.

ஜப்பானிய நூல்களைத் தாமே படித்துணரும் அளவுக்கு அம்மொழி இவருக்குக் கைவரவில்லை. கணவனும் மனைவியும் தமக்குள் எளிய ஜப்பானியத்தில் உரையாடினர். இரவில் விளக்கொளியில் செட்சு பழங்கதைகளைக் கூறுவார். நூலைப் பார்த்துப் படிக்காமல், தம் சொற்களாலேயே சொல்லுமாறு ஹெர்ன் வேண்டுவார். அக்கதைகளே பின்னர் உயர்ந்த ஆங்கில நடையில் நூல்களாயின. 1904இல் வெளிவந்த 'குவைதான்' என்னும் பேய்க்கதைத் தொகுதி அவற்றுள் புகழ்மிக்கது. அப்புகழில் செட்சு அம்மையாருக்கும் பெரும் பங்கு உண்டு.

1897ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஹெர்ன் வேறொரு வரலாற்றையும் எழுதினார். கடல் பின்வாங்குவதைக் கண்ட முதியவர் ஒருவர், மலைமேலிருந்த தம் நெற்போர்களுக்குத் தாமே தீயிட்டார். தீயை அணைக்க ஊரார் மேலேறி ஓடிவந்தனர். உடனே பேரலை ஊரை அழித்தது. மக்கள் மட்டும் உயிர் தப்பினர். 1854ஆம் ஆண்டு ஹமாகுச்சி கோரியோ என்பார் வைக்கோலுக்குத் தீயிட்டு, இருளில் மக்களுக்கு வழிகாட்டிய உண்மை நிகழ்ச்சியே இக்கதைக்கு வித்து. சுனாமி என்னும் சொல்லை ஆங்கிலம் படிப்போர்க்குத் தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்தியவருள் ஹெர்னும் ஒருவர். இக்கதை 1937 முதல் பத்தாண்டுக் காலம் ஜப்பானியத் தொடக்கப் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றது.

கொய்சுமி யாகுமோ

மாத்சுயேயிலிருந்து குமாமோட்டோவுக்கும், பின்னர்க் கோபேக்கும் ஹெர்ன் குடிபெயர்ந்தார். அப்பொழுது அவருக்குப் பெருங்கவலை ஒன்று நேர்ந்தது. திருமணத்தை ஆங்கிலேயச் சட்டப்படி பதிந்தால், செட்சு ஜப்பானியக் குடியுரிமையை இழப்பார். பதியாவிடில், தமக்குப்பின் மனைவி மக்கள் தம் பொருளுக்கு உரியவராகார். தாமே ஜப்பானியக் குடியானால், அயல்நாட்டு ஆசிரியர்க்குரிய உயர்ந்த ஊதியம் குறையக்கூடும். ஹெர்ன் நீண்ட நாள் எண்ணினார். குடும்பத்தின் நலனையே பெரிதெனக் கொண்டார். 1896இல் மனைவியின் குடும்பத்தைச் சார்ந்து, கொய்சுமி யாகுமோ என்னும் பெயருடன் ஜப்பானியக் குடியானார். யாகுமோ என்பது எட்டு மேகம் எனப் பொருள்படும். இசுமோப் பகுதிக்குரிய பழைய அடைமொழியினின்றும் எடுத்த பெயர் அது.

அவ்வாண்டே டோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளரானார். 1903இல் பல்கலைக்கழகம் அவரைப் பணியினின்றும் நீக்கியபொழுது, மாணவர் வருந்தி எதிர்த்தனர், பயனில்லை. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நாவலாசிரியர் நத்சுமே சோசெகி அவர்தம் பணியிடத்திற்கு வந்தவருள் ஒருவர்.

பழைய ஜப்பானை ஹெர்ன் அளவுகடந்து போற்றினார் என்று கூறுவாரும் உளர். அது முற்றும் பொய்யன்று. ஆயினும் அவர் குறைகளை அறியாதவரல்லர். தனிமனிதனைச் சமுதாயக் கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கியது என்பதைத் தம் இறுதிப் பெருநூலில் அவரே ஆராய்ந்துள்ளார்.

மறைவு

1904ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், நெஞ்சுநோயால் ஹெர்ன் தம் 54ஆம் வயதில் டோக்கியோவில் காலமானார். அந்நகரின் சோசிகாயா இடுகாட்டில் அவர் கல்லறை உள்ளது. மாத்சுயேயில் அவர் வாழ்ந்த வீடு இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. மங்கிய கண்ணைத் தாளருகே வைத்து எழுதுவதற்காக அவர் செய்வித்த உயரமான மேசையை அந்நகரின் நினைவு நிலையத்தில் காணலாம்.

பிறர் வழக்கம் நமக்குப் புதுமையாய்த் தோன்றும்பொழுது நகைத்தல் எளிது; அதன் காரணத்தை நாடுதல் அரிது. அவ்வரிய செயலைச் செய்தமையால், வீடின்றி அலைந்த ஹெர்ன் ஒரு நாட்டையே தம் வீடாகப் பெற்றார். பிறநாடு காணச் செல்வார்க்கு அவர் வாழ்வு சிறந்ததொரு வழிகாட்டியாகும்.