கடல் கடந்த கணித மேதை

வெளிநாட்டுக்குக் கற்கச் செல்லும் மாணவரின் பயணப்பெட்டியில் அடங்குவன சில. அதில் அடங்காத சுமைகளோ பல. பெற்றோர்க்குக் கொடுத்த வாக்கு, பிரிந்தோரின் நினைவு, பழகிய உணவு, பிறந்த மண்ணின் வழக்கம் ஆகியன மனத்தில் ஏறிக்கொள்கின்றன. கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்வு அச்சுமையின் எடையை நமக்கு உணர்த்துகிறது.

இளமை

இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர், தாய் கோமளத்தம்மாள். கணிதத்திலேயே மூழ்கியிருந்தமையால் பிற பாடங்களில் தவறி, கல்லூரி உதவித்தொகையை இழந்தார். 1909 இல் ஜானகியை மணந்தார். 1912 இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் தாம் கண்ட தேற்றங்களைக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதி அனுப்பினார். வியந்த ஹார்டி அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார்.

பிரிவு

கடல் கடத்தல் ஆசாரத்திற்கு முரண் எனக் கருதப்பட்ட காலம் அது. முதலில் தயங்கிய இராமானுஜன், தாயின் இசைவு கிடைத்த பின்னரே பயணத்திற்கு ஒப்பினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. அதில் ஒரு பகுதி மாதந்தோறும் பெற்றோர்க்குச் சேர அவர் ஏற்பாடு செய்தார். தாயையும் மனைவியையும் முன்னரே கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டார். குடுமி களைந்து மேலைநாட்டு உடையணிந்த தம் கோலத்தை அவர்கள் காணவேண்டா என்பதே காரணம். 1914 மார்ச் 17 அன்று கப்பல் புறப்பட்டது.

அயல்மண்ணில்

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் புகழ்மிக்க உணவுக்கூடத்தில் அவர் உண்ணவில்லை. மரக்கறி உணவு நெறியைக் காக்கத் தம் அறையிலேயே சமைத்தார். புதிய காலணிகள் பாதத்தை வருத்தின. போர்வைகளுக்குள் நுழைந்து உறங்கவேண்டும் என்பதை அறியாமல் அவற்றின்மேல் படுத்துக் குளிரில் நடுங்கினார். உடன் பயின்ற மகலனோபிஸ் முறையைக் காட்டிக்கொடுத்தார். 1914 ஆகஸ்டில் மூண்ட போர் நண்பர்களைப் போர்முனைக்கு இழுத்துச் சென்றது. உணவுத் தட்டுப்பாட்டையும் கொணர்ந்தது.

ஒருமுறை நண்பர்களை விருந்துக்கு அழைத்துத் தம் கையால் சமைத்துப் பரிமாறினார். மீண்டும் பரிமாற முனைந்தபோது விருந்தினர் போதும் என்று மறுத்தனர். உடனே அவர் எவரிடமும் சொல்லாமல் வெளியேறினார். சில நாள் கழித்தே திரும்பினார். தாம் சமைத்த உணவு இகழப்பட்டதாக எண்ணி அவர் உள்ளம் புண்பட்டிருந்தது. தனிமையில் வாழ்பவர்க்குச் சிறு மறுப்பும் பெருங்காயமாகிவிடும்.

வீட்டிலும் அமைதியில்லை. தாய்க்கும் மனைவிக்கும் இணக்கம் குறைந்தது. கணவனும் மனைவியும் எழுதிய கடிதங்கள் உரியவர் கைக்குச் சேரவில்லை. இந்த வேதனையை அவர் ஹார்டியிடமும் நெடுநாள் மறைத்தார். இருவரும் பகுவெண்களைப் பற்றி ஓயாது ஆராய்ந்தனர். ஆயினும் வீட்டுத்துயர் அவ்வுரையாடலில் இடம்பெறவில்லை.

நோயும் புகழும்

1917 இல் நோயுற்றார். மருத்துவமனைகள் மாறின, உடலோடு உள்ளமும் தளர்ந்தது. அந்நிலையிலேயே 1918 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்வுபெற்ற முதல் இந்தியர் என்னும் சிறப்பையும் எய்தினார்.

தாயகம் திரும்புமுன் 1919 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு அளிக்கப்படவிருந்த 250 பவுனில் பெற்றோர்க்கு 50 பவுன் அளித்து, தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சுவதை ஏழை மாணவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் செலவிட வேண்டினார். உதவித்தொகையை இழந்து அலைந்த இளமையை அவர் மறக்கவில்லை.

1919 மார்ச்சில் பம்பாயில் கரையிறங்கியவர், வரவேற்க வந்த தாயிடம் முதலில் வினவியது ஜானகியைப் பற்றித்தான். இறுதி நாள்களில் ஜானகியே அவரைப் பேணினார். நோய்ப்படுக்கையிலும் புதிய சார்புகளைக் கண்டறிந்து ஹார்டிக்கு எழுதினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32 ஆம் அகவையில் மறைந்தார்.

தேற்றங்களை உலகோடு பகிர்ந்துகொண்ட அம்மேதை தம் துயரைப் பகிரவில்லை. தொலைதூரம் கற்கச் செல்வோர்க்கு அறிவுத்துணையோடு மனத்துணையும் வேண்டும் என்பதை அவர் வாழ்வு அறிவுறுத்துகிறது.