ஹென்றி வீதித் தாதி லில்லியன் வால்ட் அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சின்சினாட்டி நகரில், யூதக் குடும்பமொன்றில், 1867-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாள் பிறந்தவர் லில்லியன் வால்ட் அம்மையார். இளமையை ராச்செஸ்டர் நகரிற் குறைவேதுமின்றிக் கழித்தார். தம் உடன்பிறந்தாளுக்குப் பணிவிடை செய்ய வந்த தாதி ஒருத்தியைக் கண்டு அத்தொழிலிற் பற்றுக்கொண்டு, நியூயார்க்கிற் பயின்று 1891-இல் தேர்ச்சி பெற்றார்.

அந்நகரின் கீழைப் பகுதியில் அந்நாளில் ருஷியா முதலிய தேயங்களினின்று வந்து குடியேறிய ஏழை யூதரும், இத்தாலியர் முதலிய பிறரும் இருள் சூழ்ந்த மாடி வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். அவ்வகுப்புப் பெண்டிர்க்கு வீட்டில் நோயாளரைப் பேணும் முறையை அம்மையார் கற்பித்து வந்தார். 1893-ஆம் ஆண்டில் ஒரு நாட்காலை, சிறுமி ஒருத்தி அழுதுகொண்டு வந்து, நோயுற்ற தன் தாயினிடத்து அவரை அழைத்துச் சென்றாள். மழைச் சேறு நிறைந்த தெருக்களைக் கடந்து, அழுக்கேறிய படிகளில் ஏறிச் சென்றவர் கண்டது, எழுவர் கொண்ட குடும்பமும் குடிக்கூலிக்கு இருந்த பிறரும் இரண்டே அறைகளில் ஒண்டியிருந்ததையும், மகப்பேற்றுக்குப்பின் உதிரப்போக்குற்று அத்தாய் கிடந்ததையுமேயாம். அன்றே அவர் வாழ்க்கை திசை மாறிற்று.

தூரத்திலிருந்து வந்துபோகும் உதவியால் பயனில்லை என்று துணிந்து, மேரி புரூஸ்டர் என்னும் தோழியாருடன் அப்பகுதியிலேயே மாடி வீடொன்றின் மேல்தளத்திற் குடியேறினார். 1895-இல் ஜேக்கப் ஷிப் என்னும் செல்வர் வாங்கியளித்த ஹென்றி வீதி 265-ஆம் எண் வீடு அவர்தம் இருப்பிடமாயிற்று.

அயல்நாட்டார்க்கு வைத்தியசாலை என்றாலே அச்சம். ஆகவே தாதியே இல்லம் தேடிச் சென்றாள். அவ்வீட்டில் உள்ள பாத்திரத்தையும் துணியையுங் கொண்டே, பாலைத் தூய்மையாய் வைத்தலையும் இருமல் நோயாளரை வேறாக வைத்தலையும் தாய்க்குச் செய்து காட்டினாள். இயன்றவர் சிறு தொகை கொடுத்தனர். இரவலர் என்னும் நாணம் அவர்க்கு நேரலாகாது என்பது அம்மையார் கருத்து. எச்சமயத்தாராயினும் தாதியின் வருகையோடு சமயப் பிரசாரத்தைச் சேர்த்தலாகாது என்றும் அவர் கொண்டார். நம்போல்வார் சற்று நின்று எண்ணத்தக்க செய்தி இது.

மாடிப் படிகளில் ஏறி இறங்கும் களைப்பை நீக்க, அடுத்தடுத்த வீடுகளின் மொட்டை மாடி வழியே தாதியர் நடந்து செல்வர்.

அம்மையார் அறிந்த சிறுவனொருவன், தலையிற் புண் இருந்ததால் பள்ளியினின்று மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பப்பட்டுப் பன்னிரண்டு வயதாகியும் எழுத்தறியாதிருந்தான். மருத்துவர் பார்த்து விலக்கினரேயன்றிக் குணப்படுத்துவார் ஒருவருமில்லை. 1902-இல் லீனா ராஜர்ஸ் என்னும் தாதியை அம்மையார் ஒரு மாதத்திற்கு நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். விலக்கப்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கும் அவர் சென்று வழிகாட்டவே, வராதார் தொகை வெகுவாய்க் குறைந்தது. பின்னர் நகரத்தாரே பள்ளித் தாதியரை நியமித்தனர்.

1906-இல் நீக்ரோ மக்களிடையே பணியாற்ற அவ்வினத்தவரான எலிசபெத் டைலர் என்பாரைச் சேர்த்துக்கொண்டார். 1913-இல் 92 தாதியர் ஓராண்டில் ஏறத்தாழ 2,00,000 முறை இல்லங்களுக்குச் சென்று வந்தனர்.

முதல் உலகப் போரை அவர் வெளிப்படையாக எதிர்த்தமையால் பொருளுதவி செய்தோர் சிலர் விலகினர். அவர் தம் கருத்தை மாற்றினாரில்லை. 1918-இல் இன்புளுவென்சா பரவியபோது அந்நகரத் தாதியரை ஒருங்குதிரட்டும் பொறுப்பு அவரிடமே வந்தது.

1940-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் கனெக்டிகட் மாகாணத்து வெஸ்ட்போர்ட்டில் அவர் காலமானார். 1944-இல் தாதியர் பணி தனி நிறுவனமாகப் பிரிந்தது. ஹென்றி வீதி இல்லம் இன்றும் அக்கம்பக்கத்தார்க்குத் திறந்தேயிருக்கிறது.