ஒரே கயிற்றில் இருவர்: டென்சிங் நோர்கே

கோடை விடுமுறையில் நம் குடியிருப்பிலிருந்து சில குடும்பங்கள் சேர்ந்து கழுகுமலைக்குப் போய் வந்தோம். வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் பார்த்துவிட்டுப் பாறையில் மேலே ஏறியதும் பிள்ளைகளுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. யார் முதலில் உச்சியைத் தொட்டது என்பதுதான் வழக்கு. வேன் கோவில்பட்டி வந்து சேரும் வரை தீர்ப்பு வரவில்லை. இதே வழக்கு ஒரு காலத்தில் உலகம் முழுக்க நடந்தது. அதன் நடுவில் மாட்டிக்கொண்டவர் டென்சிங் நோர்கே. அவருடைய கதைதான் இந்த இதழில்.

டென்சிங் 1914-ல் ஒரு ஷெர்பா குடும்பத்தில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் பதினொன்றாவது. அப்பா யாக் எருமை மேய்த்தவர். முதலில் வைத்த பெயர் நம்கியால் வாங்டி. ஒரு லாமா சொன்னதன் பேரில் டென்சிங் நோர்கே என்று மாற்றினார்கள். பள்ளிக்கூடம் போகவில்லை, எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பல மொழிகள் பேசுவார். இருபது வயதுக்குள் வீட்டை விட்டு டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரர்களின் மலையேற்றக் குழுக்கள் சுமைதூக்கிகளை அங்கேதான் எடுப்பார்கள்.

1935-ல் எரிக் ஷிப்டனின் எவரெஸ்ட் குழுவில் முதல் வேலை கிடைத்தது. முன் அனுபவம் எதுவும் இல்லை. அந்த இளைஞனின் சிரித்த முகம் ஷிப்டனுக்குப் பிடித்துப்போனது என்பார்கள். அதன்பின் 1936, 1938 என்று மீண்டும் மீண்டும் எவரெஸ்ட். மற்றவர்களுக்கு அது கூலி வேலை. டென்சிங்குக்கோ அந்த உச்சியை ஒரு நாள் தானும் தொட வேண்டும் என்ற ஆசை.

மலையேறும்போது இரண்டு மூன்று பேர் ஒரே கயிற்றில் தங்களைக் கட்டிக்கொள்வார்கள். ஒருவர் நகரும்போது மற்றவர் பனிக்கோடரியை ஊன்றி, கயிற்றை அதில் சுற்றிப் பிடித்து நிற்பார். முன்னால் போனவர் வழுக்கினால் பின்னால் நிற்பவர் தாங்க வேண்டும். தாங்க முடியாவிட்டால் இருவரும் போக வேண்டியதுதான்.

இதன் பொருளை அவர் நன்றாக உணர்ந்த இடம் நம் நாட்டு நந்தாதேவி. 1951-ல் ஒரு பிரெஞ்சுக் குழுவுடன் அங்கே போனார். நந்தாதேவிக்கு இரண்டு உச்சிகள்: 7,816 மீட்டரில் ஒன்று, 7,434 மீட்டரில் கிழக்கு உச்சி. இரண்டையும் இணைப்பது கத்தி முனை போன்ற ஒரு நீண்ட முகடு. குழுத்தலைவர் ரோஜர் துப்லாவும் ஜில்பெர் வீஞ்ஞும் அந்த முகட்டைக் கடக்கப் புறப்பட்டார்கள். திரும்பவே இல்லை. அவர்களைத் தேடி, லூயி துபோவும் டென்சிங்கும் ஒரே கயிற்றில் கிழக்கு உச்சியை நோக்கி ஏறினார்கள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். ஜூலை 6 அன்று கிழக்கு உச்சியை அடைந்தார்கள். போனவர்களின் தடம் எதுவும் கண்ணில் படவில்லை. எவரெஸ்ட்டை வென்ற பிறகும், தன் வாழ்க்கையிலேயே கடினமான ஏற்றம் இதுதான் என்று டென்சிங் சொல்லிவந்தார்.

அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்துக் குழுவில் ரேமண்ட் லாம்பெருடன் கயிற்றைப் பகிர்ந்துகொண்டார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. லாம்பெருக்குப் பனிக்கடியால் கால்விரல்கள் போயிருந்தன. அடுப்பும் உறக்கப்பையும் இல்லாமல் ஒரு சின்னக் கூடாரத்தில், மெழுகுவத்திச் சுடரில் பனியை உருக்கிக் குடித்து ஓர் இரவைக் கழித்தார்கள். மறுநாள், 1952 மே 28 அன்று, சுமார் 8,595 மீட்டர் வரை ஏறினார்கள். அதுவரை எவரெஸ்ட்டில் யாரும் எட்டாத உயரம் அது. அதற்கு மேல் முடியவில்லை. லாம்பெர் தந்த சிவப்புக் கழுத்துத் துணியை டென்சிங் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

1953-ல் ஜான் ஹண்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு வந்தது. நியூசிலாந்தின் எட்மண்ட் ஹிலாரி, தேனீ வளர்ப்பவர். சித்திரை வெயிலில் நம் கரிசல் வெடித்துப் பிளப்பதைப் பார்த்திருக்கிறோம். கும்பு பனிச்சரிவிலும் அப்படித்தான் பிளவுகள் இருக்கும், ஆனால் ஆளை விழுங்கும் ஆழத்தில். ஏப்ரல் மாதம் ஒரு நாள் ஹிலாரி அப்படி ஒரு பிளவைத் தாண்டிக் குதிக்க, பனி உடைந்து உள்ளே விழுந்தார். பின்னால் வந்த டென்சிங் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். ஹிலாரி பிழைத்தார்.

மே 29 அதிகாலை. கூடாரத்துக்கு வெளியே வைத்த ஹிலாரியின் பூட்ஸ் உறைந்து கல்லாகிவிட்டது. அதை அடுப்பில் காட்டி இளக்கிய பிறகு 6.30 மணிக்குக் கிளம்பினார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே சுமார் 12 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை. பாறைக்கும் பனிக்கும் இடையிலிருந்த வெடிப்பில் உடம்பை நுழைத்து ஹிலாரி ஏறினார். கயிற்றின் மறுமுனையில் டென்சிங் தொடர்ந்தார். காலை 11.30 மணிக்கு 8,848 மீட்டர் உச்சி. டென்சிங் கழுத்தில் லாம்பெரின் சிவப்புத் துணி. பனியைத் தோண்டி இனிப்புகளையும் மகள் நீமா கொடுத்தனுப்பிய பென்சிலையும் காணிக்கையாகப் புதைத்தார். சாமிக்கு மிட்டாய் படைக்கும் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை போலும்!

கீழே இறங்கியதும்தான் தொல்லை ஆரம்பித்தது. முதலில் கால் வைத்தது யார்? நேபாளம் அவரைத் தன் பிள்ளை என்றது. இந்தியாவும் தன் பிள்ளை என்றது. டென்சிங் ஹிலாரியை இழுத்துக்கொண்டு போவதுபோல் காட்மாண்டுவில் படம் வரைந்து வைத்தார்கள். செங்குத்துப் பாறையில் டென்சிங்கை இழுத்து ஏற்றியதுபோல் எழுதியவர்களும் உண்டு. அது அவர் மனதைப் புண்படுத்தியது. ஹிலாரிக்கும் ஹண்ட்டுக்கும் சர் பட்டம், டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம் மட்டும். இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே அடைந்தோம் என்று அறிக்கை கொடுத்தும் கேள்வி ஓயவில்லை.

தான்தான் முதலில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோடிப் பேர் கொண்டாடியிருப்பார்கள். 1955-ல் ஜேம்ஸ் ராம்சே உல்மன் உதவியுடன் வெளிவந்த தன் வரலாற்றில் டென்சிங் உண்மையைச் சொன்னார்: சில அடி முன்னால் போன ஹிலாரிதான் முதலில் கால் வைத்தார். அதை மறைக்கவும் இல்லை, அதனால் குறைந்துபோனதாக நினைக்கவும் இல்லை. ஒரே கயிற்றில் வந்தவர்களில் முன்னும் பின்னும் பெரிய விஷயமில்லை என்பது அவர் கருத்து.

நேரு அவரிடம் தனி அன்பு காட்டினார். 1954-ல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது களப்பயிற்சிப் பொறுப்பை டென்சிங் ஏற்றார். பல ஆண்டுகள் இளைஞர்களுக்குக் கயிறு கட்டக் கற்றுக்கொடுத்தார். 1959-ல் பத்மபூஷண். 1986 மே 9 அன்று டார்ஜிலிங்கில் காலமானார்.

உச்சியில் எடுத்த புகழ்பெற்ற படத்தில் கொடிகள் கட்டிய கோடரியுடன் நிற்பவர் டென்சிங்தான். எடுத்தவர் ஹிலாரி. முதலில் ஏறியவரின் படம் அங்கே எடுக்கப்படவே இல்லை. அடுத்த முறை கழுகுமலையில் பிள்ளைகள் சண்டை போட்டால் இந்தப் படத்தைக் காட்டி, முதலில் ஏறியவர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.